பொதுச் சூளை

ஜோர்ஜ் டவுனில் ஒருவர் தனியாக மண்பாண்டப் பட்டறை நடத்துவது ஏறக்குறைய முடியாத காரியம். சக்கரம் ஒன்று வாங்கிவிடலாம். மண் மூட்டையும் வாங்கிவிடலாம். 1,200 டிகிரிக்கு மேல் ஏறும் மின்சூளை, அதற்கு வேண்டிய மூன்று பேஸ் மின்சாரம், அதன் எடையைத் தாங்கும் சிமெண்டுத் தரை, இவை எல்லாவற்றுக்கும் மேலே மாதா மாதம் வாடகை என்று கணக்குப் போட்டால் ஒற்றை ஆள் இரண்டே மாதத்தில் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆறு பேர் சேர்ந்து ஒரு சூளையைப் பங்கு வைத்துக்கொண்டதால்தான் எங்கள் பட்டறை அங்கே பல காலம் நின்றது.

ஜாலான் குருத்வாராவை ஒட்டிய ஒரு சந்தில், போருக்கு முந்திய கடைவீடு ஒன்றின் பின்கட்டில் அது இருந்தது. மாடியில் மரத்தரை. அதனால் சூளையைக் கீழேதான் வைக்க முடிந்தது, வானம் தெரியும் நடுமுற்றத்துக்குப் பக்கத்தில். அந்தச் சாலைக்குப் பழைய பெயர் பிரிக் கில்ன் ரோடு; இந்த நகரத்துக்குச் செங்கல் சுட்ட பக்கம் அது. பழைய ஹின் பேருந்து நிறுவனத்தின் பணிமனையும் அதே சாலையில்தான். 2014-ல் அது ஹின் பஸ் டிப்போ என்ற கலைக்கூடமாகத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சந்தை கூடும். சோப்பு, துணிப்பை, ஊறுகாய், ஓவியம் என்று சிறு கைத்தொழில்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிறு அங்கே போனேன். ஒரு மேசையில் பீங்கான் கோப்பைகள். பின்னால் நின்ற பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து, "டீச்சர், நீங்களா! வாங்க, உக்காருங்க" என்றாள். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவள். கணக்கில் சுமார், கைவேலையில் கெட்டி. புதுச்சேரிக்குப் போய்ப் பானை வனையக் கற்றுத் திரும்பியிருந்தாள். தேன் நிறத்தில் ஒரு கோப்பையை என் கையில் வைத்தாள். கைப்பிடியில் கட்டைவிரல் பதிந்த தடம் ஒன்றை அவள் துடைக்காமல் விட்டிருந்தாள். என் கட்டைவிரல் சரியாக அதில் போய் உட்கார்ந்தது. அடுத்த வாரமே பட்டறையில் சேர்ந்துவிட்டேன்.

புதுச்சேரி என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. 1971-ல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் மண்பாண்டம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் விறகுச் சூளையில் மிக உயர்ந்த சூட்டில் சுட்டு, கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசிய ஸ்டோன்வேர் பாத்திரம் அந்த வட்டாரத்துக்கு அவர்கள் கொண்டுவந்தது. உள்ளூர்த் தமிழர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள், வெளியூர் மாணவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். அங்கே கற்றவர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் இந்தியா முழுக்கவும் பட்டறைகள் வைத்தார்கள். மீக்கர் மண்ணால் முழு வீட்டைக் கட்டி, உள்ளே பச்சைச் செங்கல்லை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர். இதையெல்லாம் என் மாணவி மண் பிசைந்தபடி சொல்லுவாள். கற்றுக்கொண்டதைப் பூட்டி வைக்கக்கூடாது என்பதை அங்கிருந்துதான் அவள் எடுத்து வந்தாள் என்று நினைக்கிறேன். எங்கள் பட்டறையில் யாருடைய கிளேஸ் குறிப்பும் ரகசியம் இல்லை. எல்லாம் ஒரே பள்ளி நோட்டில் இருக்கும்.

அந்த நோட்டை எழுதியவர் அங்கிள். எங்களில் மூத்தவர், ஹொக்கியன் சீனர். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-ல் தொடங்கிய காலத்து இளைஞர்களில் ஒருவர். மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தே தலை நரைத்தவர். கணினிச் சில்லுகளைப் பீங்கான் உறைக்குள் வைத்து அடைத்த காலம் ஒன்று உண்டு. அந்த வேலையில் அவருக்கு உலைகளும் சூடு அளக்கும் தெர்மோகப்பிளும் பழக்கம். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எங்களோடு வந்து சேர்ந்தார். பாத்திரம் செய்வதில் அவருக்கு அவ்வளவு ஆசை கிடையாது. சிறு தேநீர்க் கிண்ணங்கள் மட்டும் செய்வார். சூளைதான் அவருடைய பிள்ளை. ஒவ்வொரு சூட்டுக்கு முன்னும் பின்னும் மீட்டரைப் பார்த்து எழுதுவார். யார் எவ்வளவு தட்டு இடம் பிடித்தார்களோ அந்த அளவில் மின்கட்டணம் பிரியும். சண்டையே வந்ததில்லை. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, எப்போதும் "சிக்கு"தான், மலாயில் ஆசிரியர் என்று பொருள். நான் அவசரப்பட்டு உலர்ந்ததா என்று கேட்டால் "சபார், சிக்கு, சபார்" என்பார்.

பொறுமை என்று அவர் சொன்னது புத்திமதிக்காக அல்ல. மண்ணின் கணக்கு அப்படி. சக்கரத்திலிருந்து இறங்கிய கோப்பை தோல்பதம் வரும்வரை ஒரு நாள் இரண்டு நாள் நிற்க வேண்டும். அப்போதுதான் அடியைச் செதுக்கலாம், கைப்பிடி ஒட்டலாம். பிறகு முழுக்க உலர வேண்டும். பிறகு முதல் சூடு, சுமார் 1,000 டிகிரி. 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் திடீரென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்த இடத்தைச் சூளை மெல்லக் கடக்காவிட்டால் பாத்திரம் கீறல் விடும். பிறகு கிளேஸில் முக்கி மறுபடி அடுக்கினால் 1,230 டிகிரி வரை போகும். ஆற இன்னும் ஒரு நாள் ஆகும். நூற்றுக்கு மேல் சூடு இருக்கும்போது கதவைத் திறக்க அங்கிள் யாரையும் விடமாட்டார். இவ்வளவுக்கும் பிறகு, சக்கரத்தில் பத்து சென்டிமீட்டர் உயரம் இருந்த கோப்பை ஒன்பதுக்கும் குறைவாக வந்து நிற்கும். தெர்மோகப்பிள் காட்டும் எண்ணை மட்டும் அவர் நம்பியதில்லை. ஒவ்வொரு சூட்டிலும் உள்ளே ஓர்ட்டன் கோன் என்ற சிறு கூம்பு வைப்பார். தெர்மோகப்பிள் சொல்வது சூடு எவ்வளவு என்று. அந்தச் சூடு மண்ணில் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதைக் கோன் வளைந்து காட்டும். 1896-லிருந்து குயவர்கள் அதை வைத்துச் சூளையை அறிகிறார்கள்.

சூளை அடுக்கும் நாளில்தான் பங்கு என்றால் என்ன என்று புரியும். முதல் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று வைக்கலாம். கிளேஸ் பூசிய பிறகு ஒன்றை ஒன்று தொடக்கூடாது. தொட்டால் கண்ணாடி உருகி ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் போகும். ஒருவர் உயரமான ஜாடி செய்துவிட்டால் அந்தத் தட்டில் மற்றவர்களுடைய கோப்பைகளுக்கு மேலே வெற்றிடம் வீணாகும். அதனால் ஜாடிக்காரர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்களில் இளையவள், மலாய்ப் பெண், தாவர இலைகளை ஈர மண்ணில் அழுத்தித் தட்டுகள் செய்வாள். தட்டு இடத்தை நிறையப் பிடிக்கும். அவள் கூச்சப்பட்டுக்கொண்டே, "ஆண்டி, இந்த முறை எனக்கு ஒரு தட்டுப் போதும்" என்பாள். அங்கிள் பேசாமல் தன் கிண்ணங்களை எடுத்து அடுத்த சூட்டுக்கு ஒதுக்கிவிடுவார்.

ஒரு தீபாவளிக்கு முன் ஒரு விபத்து நடந்தது. பினாங்கில் செப்டம்பரிலிருந்து மழை வலுக்கும். தீபாவளியும் அந்த மழைக்குள்தான் வரும். அகல் விளக்குக்கு ஆர்டர் குவியும்போதுதான் மண் உலரவே உலராது. முற்றத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. விளக்குகள் மெலிதானவை, ஒருவாறு உலர்ந்துவிட்டன. அவற்றோடு கனமான ஒரு சிலைப்பீடமும் உள்ளே போயிற்று. வெளித்தோற்றத்தில் வெளுத்து உலர்ந்ததாக இருந்தது, உள்ளே ஈரம். சுமார் 100 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் பெருகப் பார்க்கும். வெளியேற வழி இல்லாவிட்டால் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். நள்ளிரவில் சூளைக்குள் வெடித்தது. மறுநாள் கதவைத் திறந்தால் பீடம் கல்லும் தூளுமாகக் கிடந்தது. சுற்றிலும் அடுக்கியிருந்த அகல்களில் பாதிக்கு மேல் மூக்கு உடைந்து போயிருந்தன. பள்ளிக்கு, கோயிலுக்கு, ஓர் உணவகத்துக்கு என்று எண்ணிக் கொடுக்க வேண்டியவை.

பீடம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் பெயர் சொல்லவில்லை. அங்கிள் தூளைப் பெருக்கிக் கூட்டினார். என் மாணவி புதிய மண்ணைப் பிரித்தாள். அன்று மாலையே ஆறு பேரும் உட்கார்ந்து அகல் தட்டத் தொடங்கினோம். பீடத்துக்குரியவர் மற்றவர்களைவிட அதிகமாகத் தட்டினார். அதன்பிறகு ஒரு வழக்கம் வந்தது. சூளைக்குப் போகும் எந்தப் பாத்திரத்தையும் அதைச் செய்தவர் அல்லாத இன்னொருவர் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கன்னத்தில் குளிர்ச்சியாகப் பட்டால் ஈரம் இருக்கிறது. கையை ஏமாற்றும் மண் கன்னத்தை ஏமாற்றாது. இந்தச் சோதனை உலகெங்கும் குயவர்கள் செய்வதுதான். அடுத்தவர் பொருளை அடுத்தவர் சோதிப்பது என்பது மட்டும் எங்களுடையது. ஆறு பேர் ஒருவர் பாத்திரத்தை ஒருவர் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட ஒரு சுற்றுலாப் பயணி, இது ஏதோ சமயச் சடங்கா என்று கேட்டார்.

எங்கள் கிளேஸ்களில் எனக்கு மிகவும் பிடித்ததற்கு அங்கிள் வைத்த பெயர் "தைப்பூசம்". தைப்பூசத்துக்கு மறுநாள் தண்ணீர்மலைப் பக்கம் போனால் சாலையோரம் உடைந்த தேங்காய் மலையாகக் கிடக்கும். அதில் சிரட்டையை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து, புக்கிட் மெர்தாஜாமில் என் உறவினர் வீட்டுச் செங்கல் அடுப்பில் எரித்தோம். மூட்டை மூட்டையாக எரித்தும் சாம்பல் கொஞ்சம்தான் மிஞ்சியது. அதைத் தண்ணீரில் கழுவி, சலித்து, பெல்ட்ஸ்பாரும் களிமண்ணும் சேர்த்துக் கலக்கினோம். சாம்பல் மற்றவற்றை உருக வைக்கும். மண்ணில் இருக்கும் இரும்பு நிறம் கொடுக்கும். விறகுச் சூளையில் புகை சேர்ந்தால் அதே இரும்பு பச்சையாகும். எங்கள் மின்சூளையில் காற்று தாராளம், அதனால் தேன் நிறம். முதல் முறை கதவு திறந்து அந்த நிறத்தைப் பார்த்ததும் அங்கிள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "வேல் வேல்" என்றார். தைப்பூசத்தன்று அவர் வீட்டு வாசலில் ஆண்டுதோறும் தேங்காய் உடைக்கிறவர். பினாங்கில் சீனர்கள் இப்படிச் செய்வது புதுமை இல்லை.

கிளேஸே இல்லாத என் பாட்டியின் மீன் சட்டி பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். பாட்டி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்.  பாட்டி கடைத்தெருவில் புதுச் சட்டி வாங்கினால் உடனே குழம்பு வைக்கமாட்டார். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, வடிகஞ்சியை ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, எண்ணெய் தடவி மறுபடி காயவைப்பார். சின்ன வயதில் அது எனக்கு வெறும் தாமதமாகத் தெரிந்தது. பட்டறையில் கற்றபோதுதான் அதன் காரணம் விளங்கிற்று. குறைந்த சூட்டில் சுட்ட மண் முழுக்க நுண்துளை. கஞ்சியின் மாவுச்சத்து அந்தத் துளைகளை அடைக்கிறது. அந்தத் துளைகளும் மண்ணோடு கலந்த மணலும்தான் சட்டியை நெருப்பில் பிளக்காமல் காக்கின்றன. விரியும்போது இடம் கொடுக்கின்றன. நாங்கள் 1,230 டிகிரியில் சுட்ட பாத்திரம் கண்ணாடிபோல இறுகியது, அதில் காப்பி குடிக்கலாம், அடுப்பில் வைத்தால் வெடிக்கும். அங்கிளிடம் சொன்னேன். அவர் மறுநாள் வீட்டிலிருந்து தன் அம்மாவின் மணற்சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். சுற்றிலும் கம்பி கட்டியிருந்தது. புதுசாக வாங்கியதும் அவர் அம்மாவும் கஞ்சிதான் கொதிக்கவைப்பாராம். நாகப்பட்டினத்துப் பாட்டியும் ஹொக்கியன் அம்மாவும் ஒரே அறிவை வேறு வேறு அடுப்பில் வைத்திருந்தார்கள்.

ஒரு முறை எல்லாருமாகக் கோலக்கங்சாருக்கு அருகே சாயோங் போனோம். பேராக் ஆற்றங்கரைக் கிராமம். அங்கே செய்யும் சுரைக்காய் வடிவத் தண்ணீர்க் குடுவைக்கு லாபு சாயோங் என்று பெயர். சுட்ட சூட்டோடு நெல் உமிக்குள் புதைக்கிறார்கள். உமி புகைந்து குடுவை கறுப்பாகிறது. கிளேஸ் கிடையாது, மண்ணின் துளை வழியே நீர் கசிந்து ஆவியாகி உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர வைக்கிறது. எங்கள் ஊர் மண்பானைத் தண்ணீர் மாதிரியேதான். எங்கள் மலாய்ப் பெண் அன்று அங்கிருந்து கிளம்பவே மனமில்லாமல் நின்றாள்.

கோலசிலாங்கூர் பயணம் எனக்கு அதைவிட முக்கியம். மின்மினிப் பூச்சிகளுக்குப் பேர்போன கம்போங் குவாந்தான் பக்கத்தில் தமிழ்க் குயவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் பானையும் அகலும் செய்கிறது. இந்த நாட்டில் மண் மிதித்து, இங்கேயே வனைந்து, இங்கேயே சுட்டு, இங்குள்ள தமிழர் பொங்கலுக்குக் கொடுக்கிறார்கள். வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த அகல்களைப் பார்த்து என் மாணவி அழுதுவிட்டாள். அவர்கள் ஒரு நாளில் தட்டுவதை நாங்கள் ஒரு வாரத்தில் தட்டமாட்டோம். ஆனாலும் அந்தக் குடும்பத்து அம்மா ஒருவர் எங்கள் அகல் ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "திரி போடுற மூக்கு இன்னும் கொஞ்சம் இறங்கணும்மா, திரி நுனிக்கு எண்ணெய் எட்டாது" என்றார். அன்றிலிருந்து எங்கள் அகலின் மூக்கு இறங்கிற்று. பினாங்கு கடைத்தெருவில் இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் அகல்கள் பெட்டி பெட்டியாக விற்கும்போது, இந்த அம்மாவின் கைத்தொழிலை அறியாத பினாங்குத் தமிழர்கள் எத்தனையோ பேர். எனக்கு இது பெரிய வருத்தம்.

இன்னொரு வருத்தம் வாடகை. வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தபோதே ஜோர்ஜ் டவுனின் உள்நகரத்திலிருந்து பழைய குடும்பங்களும் சிறு தொழில்காரர்களும் வெளியேறத் தொடங்கினார்கள். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து இந்த நகரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. சுவருக்கு மதிப்பு ஏறியது. சுவருக்குள் வேலை செய்தவர்களுக்கு வாடகையும் ஏறியது. கூ கொங்சியின் கூரையைப் போய்ப் பாருங்கள். 1906-ல் முடிந்த கட்டடம். அதன் கூரையில் நிற்கும் நாகமும் பறவையும் பூவும் பீங்கான் கிண்ணங்களை வெட்டி, துண்டு துண்டாக ஒட்டிச் செய்தவை. சியாங் ஃபாட் ஸேயின் நீல மாளிகையிலும் அதே வேலைப்பாடு. 1990-களில் அதைப் புதுப்பிக்கச் சீனாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. கட்டடம் இங்கே நிற்கிறது, அதைச் செய்யும் கை இங்கே இல்லை. பாரம்பரியம் என்ற சொல்லை நாம் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டால் இதுதான் நடக்கும்.

எங்கள் கடைவீடும் ஒரு நாள் கைமாறியது. புதிய உரிமையாளர் தங்கும் விடுதி கட்டப்போவதாகச் சொன்னார். அவர் பக்கம் சட்டப்படி எல்லாம் சரி. சூளையைக் கழற்றி லாரியில் ஏற்றி, பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிள் தெர்மோகப்பிளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். பட்டறை இப்போது புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தகரக் கொட்டகையில் நடக்கிறது. இடம் தாராளம், மழைச்சத்தம் அதிகம். ஞாயிறு சந்தைக்குப் பெட்டிகளைத் தீவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஜோர்ஜ் டவுன் என்று பெயர் போட்டு விற்கும் பாத்திரம் ஜோர்ஜ் டவுனில் சுட முடியவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. சுவரோவியங்களைக் காக்க அக்கறை எடுக்கும் இந்த நகரம், காலியாகக் கிடக்கும் கட்டடங்களில் ஒன்றைக் குறைந்த வாடகைக்குப் பொதுச் சூளை வைக்கக் கொடுக்கலாம். ஒரு சூளை இருந்தால் அதைச் சுற்றி இருபது பேர் பிழைக்கலாம், இருநூறு பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தலைமையாசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரையும் கோயில் நிர்வாகத்தினரையும் ஓர் ஆசிரியையாகக் கேட்டுக்கொள்கிறேன். வரும் தீபாவளிக்கு வேண்டிய அகல்களை நம் நாட்டில் மண் பிடிக்கும் கைகளிடமிருந்து வாங்குங்கள். கோலசிலாங்கூரிலிருந்து வாங்கினாலும் சரி, பக்கத்துப் பட்டறையிலிருந்து வாங்கினாலும் சரி. மழை பிடிக்கும் முன், ஆகஸ்டு மாதத்திலேயே சொல்லி வையுங்கள். மண்ணுக்கு உலர நாள் வேண்டும். முடிந்தால் பிள்ளைகளையும் அழைத்துப்போய் ஆளுக்கு ஓர் அகல் தட்டவிடுங்கள்.